பாண்டிச்சேரியில் இரண்டு இரவு

தனியப் போன பயணத்தை "நாங்கள்" எண்டு எழுதினால் சிரிப்பீர்கள். போனது ஒராள்தான். ஆனால் பலாலியிலேயே பிளேன் ஏறலாம் எண்டு வந்த பிறகும், அம்மாவைச் சம்மதிக்க வைக்க மூன்று மாதமும் இரண்டு சித்திமாரும் தேவைப்பட்டார்கள். அவ்வளவு பேரையும் தலைக்குள் காவிக்கொண்டு போனதால் "நான்" எண்டு எழுதக் கை வருகுதில்லை.

சென்னையில் இறங்கி, திருவான்மியூரில் பாண்டிச்சேரி பஸ் பிடித்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலையால் ஏறத்தாழ 150 கிலோமீற்றர். மரக்காணத்தில் வெயிலுக்குள் உப்பு குவித்துக் கிடந்தது. ஒரு நிமிசம் ஆனையிறவால் போறமோ எண்டு நினைச்சுப்போட்டம். அதைத் தாண்டி இன்னும் கொஞ்சத் தூரம் போனால் கீழ்ப்புத்துப்பட்டு. யுத்தத்துக்குத் தப்பிப் படகேறின எங்கட சனம் முப்பது வருசத்துக்கு மேலாக இருக்கிற முகாம் அங்கேதான். எட்டிப் பார்ப்பதற்கிடையில் பஸ் கடந்துவிட்டது.

முதல் லொட்ஜில் "ஆதார் குடுங்க" எண்டார்கள். கடவுச்சீட்டை நீட்டினோம். திருப்பித் தந்தார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் சி ஃபார்ம் எண்டு ஒன்றை இணையத்தில் பதிய வேண்டும். சின்ன லொட்ஜ்காரர் அந்தக் கரைச்சலுக்குப் போவதில்லை. இரண்டாவது இடத்திலும் அதே கதை. மூன்றாவது இடத்தில் ஒருவர், "ஃபாரினரா? நல்லா தமிழ் பேசுறீங்களே!" எண்டு மெச்சினார். பாவம், மனசாரத்தான் சொன்னார். நாங்கள் நன்றி வேறு சொன்னோம். (போகிறவர்களுக்கு: அறை பதிய முதலே "சி ஃபார்ம் போடுவீங்களா" எண்டு ஃபோனில் கேளுங்கோ.)

பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினோம். ஓட்டோக்கார அண்ணை கண்ணாடியால் கனநேரம் பார்த்துவிட்டு, "கேம்ப்பா?" எண்டார்.

கீழ்ப்புத்துப்பட்டிலிருந்து பெயின்ற் வேலைக்கு வாற பொடியள் இப்படித்தான் கதைப்பார்களாம்.

"இல்லை அண்ணை, யாழ்ப்பாணம். பிளேன்ல வந்தனாங்கள்."

சொல்லி முடிய முதலே வெட்கமாய்ப் போச்சு. பிளேனைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. மூன்று லொட்ஜில் ஃபாரினர் எண்டு தள்ளினபோது எங்களுக்கு வந்த கோபம் எல்லாம், "நாங்களும் தமிழர்தானே" எண்ட கோபம். அதே ஆக்கள், முகாமோ எண்டு கேட்டவுடன் ஏன் அவ்வளவு அவசரமாய் "இல்லை" எண்டோம்? எங்கட வீட்டில் படகுக்குக் காசு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நாங்களும் அங்கேதான் பிறந்திருப்போம். 2019இல் திருத்தின இந்தியக் குடியுரிமைச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. எங்களுக்கு விசாவாவது இருந்தது.

அண்ணை ஒன்றும் பிடிக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒற்றை விரலால் சி ஃபார்மை நிரப்பினார். "திறப்பு தாங்கோ" எண்டு கேட்க முழித்தார். "சாவி" எண்டு திருத்திக்கொண்டோம்.

பின்னேரத்தில் கடற்கரை வீதிக்கு வாகனம் விடமாட்டார்கள். ஒன்றரைக் கிலோமீற்றர் நடக்கலாம். மணலை எதிர்பார்த்துப் போகாதீர்கள்; 1980களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கல்லணை போட்ட பிறகு, தெற்கிலிருந்து வாற மணல் மறிபட்டு நகரத்துக் கரை அரிச்சுப் போனது. இப்ப கனதூரத்துக்குக் கறுத்தக் கல்லுத்தான். காந்தி சிலைக்குக் கிட்ட மட்டும் கொஞ்ச மணல் திரும்பியிருக்கு. கல்லுக்கு மேலே ஏறியிருந்து சுண்டல் சாப்பிட்டோம். பத்தரை மணி வரைக்கும். கசூரினாவில் ஆறரைக்குப் பிறகு ஒரு பெட்டை தனிய இருந்தால் அடுத்த நாள் விடிய முதல் யாற்ற மகள் எண்டு ஊருக்குத் தெரியும். இங்கே ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் நாலு மிஸ்ட் கோல் மட்டும். எடுத்து "அறைக்குள்ளதான் அம்மா" எண்டு பொய் சொன்னோம். பின்னுக்கு அலை இரைந்தது. "ஃபான் சத்தம்" எண்டோம்.

அடுத்த நாள் முழுக்க நடை. அங்கேயும் எங்களைப் போல "வீதி"தான். நீலப் பலகைகளில் பிரெஞ்சோடு சேர்த்து எழுதியிருக்கு. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி இருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். 1908இல் பிரிட்டிஷ்காரர் பிடிப்பார்கள் எண்டு பிரெஞ்சு மண்ணுக்கு வந்தவர் பத்து வருசம் இங்கே இருந்தார். 1918இல் எல்லையைத் தாண்டினவுடன் கடலூரில் பிடித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் தமிழ் ஊர்தான். பள்ளிக்கூடத்தில் பாரதியைப் பாடமாக்கினோம், பேச்சுப்போட்டியில் முழங்கினோம். அவரை ஒரு அகதியாக யோசித்தது அந்த முற்றத்தில் நிற்கும்போதுதான்.

மூன்றாம் நாள் சென்னை பஸ். இந்தமுறை நித்திரை கொள்ளாமல் யன்னலுக்கால் பார்த்துக்கொண்டிருந்தோம். முன் சீற்றில் மடியில் மரக்கறிப் பையோடு ஒரு அம்மா. கீழ்ப்புத்துப்பட்டு வந்ததும் எழும்பி, "தம்பி, இதில நிப்பாட்டுங்கோ" எண்டா.

எங்கட பெரியம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. பையைக் கீழே இறக்கக் கை கொடுத்தோம். "மெத்தப் பெரிய உபகாரம் பிள்ளை" எண்டுபோட்டு, எங்கட ஊர் எதெண்டு கேட்கிறதுக்காக இருக்கும், வாயைத் திறந்தா. கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.