கியூகா ஏரிக்கரைக் கொடி

நியூயார்க் ராஜ்யத்தின் மேற்கே, விரல்களை விரித்தாற்போல் கிடக்கும் 11 ஏரிகளுள் கியூகா மட்டுமே கவட்டைபோல் பிரிந்தது. அதன் கரைச் சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்கள். மதுவைப் பற்றிய பேச்சா என்று முகஞ் சுளிக்கும் நேயர்கள் பொறுத்தருள வேண்டும்; சொல்ல வந்தது ஒரு கொடியின் கதை.

ஐரோப்பியத் திராட்சைக் கொடி அக்குளிரில் பட்டுப்போய்விடும் என்பது அங்குள்ள நிபுணர்களின் தீர்ப்பு. உக்ரேனில் பிறந்த கான்ஸ்டன்டின் பிராங்க், 1951-இல், ஐம்பது வயது கடந்து, ஆங்கிலம் அறியாமல் அமெரிக்கா வந்து சேர்ந்தார். திராட்சை சாஸ்திரத்தில் பெரும் பட்டம் பெற்றவருக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்தது செடி கொத்தும் வேலை! இதைவிடக் கொடுங் குளிரில் கொடி வளர்த்தவர் அவர். ஏற்ற வேரில் ஒட்டுப் போட்டால் பிழைக்கும் என்று வாதாடினார். சார்ல்ஸ் பூர்னியே என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவரே செவிசாய்த்தார். ஆயிரக்கணக்கான ஒட்டுக்களைச் சோதித்த பின், 1962-இல் பிராங்க் சொந்தமாகச் சிறு ஆலை தொடங்கினார்.

ஏரியும் துணை நின்றது. கோடையில் ஏற்ற வெப்பத்தைக் குளிர்காலத்தில் மெல்ல விடும். வசந்தத்தில் குளிர்ந்து கிடந்து, அரும்பை அவசரப்படாமல் தடுக்கும். கனி நிதானமாகப் பழுப்பதால் புளிப்பும் மணமும் குன்றுவதில்லை. ரீஸ்லிங் என்னும் அவ்வெள்ளை ரசத்தில், சர்க்கரை அநேகமாக முழுவதும் நொதித்துவிட, தித்திப்பு நீங்கி, எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் கலந்தாற்போன்ற வாசனை எஞ்சுகிறது.

அன்று ஆகாது என்ற சரிவுகளில் இன்று அதே கொடி படர்ந்திருக்கிறது. ஆலையில் இப்போது அக்குடும்பத்தின் நான்காம் தலைமுறை.