அம்மாவும் அப்பாவும் ஐரோப்பா போறது

போன வருசம் கார்த்திகை மாசம், வெளியில் விடாமல் மழை. அக்கராயன்குளம் வான் பாயுமோ என்று ஊர் முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்த ஒரு இரவில், நான் லப்டொப்பில் எக்ஸெல் திறந்து ஒரு அட்டவணை போட்டேன். 14 நாள், 8 நகரம். சூரிச், லுசேர்ன், வெனிஸ், ரோம், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ஹம், லண்டன். யூரியூப்பில் புதுசாக் கலியாணம் கட்டின சோடிகள் போடுகிற வீடியோக்கள் எல்லாம் பார்த்து, எந்த நாள் எந்த ரெயின், எங்கே படம் எடுக்கிறது என்றுகூட எழுதி வைத்திருந்தேன். அம்மாவும் அப்பாவும் கலியாணம் கட்டி 37 வருசம். அவையும் ஒரு சோடிதானே.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரைக்கும் வாசித்தார். "பிள்ளை, இதில சாப்பிடுறது எப்ப?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "அண்ணா வீட்டில எத்தினை நாள்?"

அட்டவணையில் பார்த்தேன். இரண்டு நாள்.

"15 வருசத்துக்கு ரண்டு நாளோ?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அதோடு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணா 2010 இல் வெளிக்கிட்டவன். இப்போது சுவிஸில், பேர்ண் பக்கம் இருக்கிறான். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்குக் குடுக்கிற பயணப் பத்திரத்தில் சொந்த நாட்டுக்கு மட்டும் போக ஏலாது. உலகத்தில் எத்தனையோ நாட்டுக்கு அவன் போகலாம், அக்கராயனுக்கு வர முடியாது. அவனுக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அம்மா அவளை வட்ஸ்அப்பில் மட்டும்தான் பார்த்திருக்கிறா. அப்போ போக வேண்டியது இவர்கள்தான். இந்தச் சின்ன விசயத்தை மறந்துவிட்டுத்தான் நான் வெனிஸுக்கு ரெயின் தேடிக்கொண்டிருந்தேன்.

இது இரண்டாவது முயற்சி என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருசத்துக்கு முதல் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு முகவரைப் பிடித்தோம். அவர் எல்லாவற்றையும் 'வடிவாகச்' செய்தார். தங்காத ஹோட்டல்களுக்கு முன்பதிவு, ஐந்து நாட்டுச் சுற்றுலாத் திட்டம், விண்ணப்பத்துக்கு இரண்டு கிழமைக்கு முதல் அப்பாவின் கணக்கில் திடீரென்று விழுந்த பெரிய தொகை. ஏ9 இல் இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போய், விடிய முகம் கழுவி, வரிசையில் நின்றார்கள். அம்மாவின் கைரேகையை மெசின் எடுக்கவே இல்லை. நாற்று நட்டு, களை பிடுங்கித் தேய்ந்த விரல். அந்தப் பிள்ளை ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து நாலாவது தடவைதான் எடுத்தது.

மூன்று கிழமையில் பதில் வந்தது. காரணங்கள் அச்சடித்த ஒரு படிவம். அதில் ஒரு கட்டத்தில் புள்ளடி. வீசா முடிய முதல் திரும்பிப் போவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறதாம். அப்பா அதை என்னிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். "நான் ஏன் அங்க நிக்கப் போறன்? வயலை ஆர் பாக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் நாங்கள் விண்ணப்பத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை. சுற்றுலா போகிற பணக்காரர் மாதிரி எழுதியிருந்தோம். வாசித்தவருக்கு அப்பாவின் வயல் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆகவே இந்த முறை முகவர் வேண்டாம் என்று நானே இறங்கினேன். எட்டு நகரத்தை அழித்துவிட்டு, "உண்மையில எங்க போகோணும், ஏன்?" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டேன்.

அம்மாவுக்கு ஒரு சொல்தான்: அண்ணா. வேறு எந்த இடமும் பிறகுதான், முதலில் அவன்ர முகம்.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெரியக்கா" என்றார். பெரிய மாமி ஜேர்மனியில், ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறா. 74 வயது, முழங்கால் ஏலாது, நெடும் பயணம் செய்ய முடியாது. "இந்த முறை பாக்காட்டி இனிப் பாக்க மாட்டன்."

சித்தி பாரிஸில், சித்தப்பா லண்டனில். அவையளையும் பார்க்க வேண்டும், ஆனால் அது 'பார்த்தால் நல்லம்' என்ற வகை. இப்படி வகை பிரித்த உடனேயே திட்டம் பாதி முடிந்துவிட்டது.

அடுத்தது லண்டன். ஷெங்கன் வீசா ஒன்று எடுத்தால் 29 நாடுகளுக்குள் போய் வரலாம், சுவிஸும் அதற்குள்தான். பிரித்தானியா அதில் இல்லை. அதற்குத் தனி வீசா, தனிக் காசு, தனி அலைச்சல். அதுமட்டுமல்ல, ஒருமுறை மட்டும் நுழையலாம் என்ற ஷெங்கன் வீசா கிடைத்தால், லண்டனுக்குப் போய்விட்டுத் திரும்ப பாரிஸுக்குள் வர ஏலாது. நான் சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். "சித்தப்பா, உங்களிட்ட பிரிட்டிஷ் பாஸ்போட் இருக்கு. லண்டனில இருந்து பாரிஸுக்கு ரெயினில ரண்டேகால் மணித்தியாலம்தான். நீங்கள் வாங்கோவன்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஓமடி, அது சரிதானே. இவ்வளவு நாளும் அவையளை இஞ்ச கூப்பிடுறதைப் பற்றியெல்லோ கதைச்சுக்கொண்டிருந்தம்."

இந்தத் திட்டத்தில் நான் கண்டுபிடித்த பெரிய விசயம் இதுதான். எங்கட குடும்பங்களில் யாருக்கு எந்தக் கடவுச்சீட்டு என்று பார்த்து, அசையக்கூடியவர்களை அசைய விட வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிற வயதான இரண்டு பேரை ஆறு வீட்டுக்கு இழுத்துத் திரியத் தேவையில்லை. ஒரு வீட்டில் அவர்களை இருத்திவிட்டு, மற்றவர்கள் அங்கே வரலாம்.

பிறகு எப்போது போகிறது என்ற பிரச்சினை. அங்கே உள்ளவர்கள் எல்லாரும் ஆனி, ஆடியில் வரச் சொன்னார்கள், நல்ல வெயில் என்று. ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேர் அதற்குக் கொஞ்சம் முதல் வரும், அதைப் பார்க்கலாம் என்று மாமி. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை: "அங்க தேர் பாக்கப் போய் இஞ்ச வட்டாப்பளைப் பொங்கலை விடுறதோ?" அப்பாவுக்குச் சிறுபோகம். குளத்துத் தண்ணி முறை வைத்து வரும் காலத்தில் வரம்பை விட்டு அவர் அசைய மாட்டார். மாசியில் பெரும்போகம் வெட்டி முடிந்தபிறகு போகலாம், ஆனால் அந்தக் குளிர் அம்மாவின் நெஞ்சுக்கு ஒத்துவராது. கடைசியில் மிஞ்சினது செப்டெம்பர். சிறுபோகம் வெட்டியாகிவிடும், பெரும்போக விதைப்புக்கு இன்னும் மழை விழாது, அங்கேயும் இன்னும் குளிர் தொடங்கியிருக்காது. உலகத்துப் பயண இணையத்தளங்கள் எல்லாம் செப்டெம்பர் நல்ல மாசம் என்று சொல்கின்றன. நாங்கள் நெல்லைப் பார்த்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

இப்போது உள்ள திட்டம் இது. சூரிச்சில் இறங்குவது. அங்கிருந்து பேர்ணுக்கு ரெயினில் ஒரு மணித்தியாலம். அண்ணா வீட்டில் 13 இரவு. பிறகு அண்ணாவே கூட்டிக்கொண்டு பாசல் வழியாக ஹம்முக்கு. மாமி வீட்டில் 5 இரவு. மச்சான் கொலோனில் பாரிஸ் ரெயினில் ஏற்றிவிட, மூன்றரை மணித்தியாலத்துக்குள் பாரிஸ். ஸ்ரேசனில் சித்தி வந்து நிற்பா. லாச்சப்பல் அங்கிருந்து நடை தூரம். 5 இரவு. சித்தப்பா அங்கே வந்து சேருவார். பாரிஸிலிருந்து நேரே வீடு. வந்த வழியே சூரிச்சுக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை. ஒரு நகரத்தில் இறங்கி இன்னொரு நகரத்தில் ஏறுகிற மாதிரி ரிக்கற் எடுக்கலாம். 23 இரவு, மூன்று வீடு. அவர்கள் தனியாக இறங்கி மாறி ஏற வேண்டிய ரெயின் ஒன்றுகூட இல்லை.

கனநாள் தங்குவது சுவிஸில் என்பதால் விண்ணப்பமும் சுவிஸுக்குத்தான் போட வேண்டும். எந்தத் தூதரகத்தில் லேசாகக் கிடைக்கும் என்று பார்த்து அங்கே போடுகிற பழக்கம் எங்கட ஆக்களிடம் இருக்கிறது. முதல் தடவை நாங்களும் அதைத்தான் செய்தோம்.

பேப்பர் வேலைதான் உண்மையான பயணம். 2008 இல் அக்கராயனை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி எடுத்தவ. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன். அந்தப் பை மாத்தளனில் எங்கேயோ போனது. பிறகு செட்டிகுளம் மெனிக்பாமில் எங்களிடம் எங்கட பெயரைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. கலியாண எழுத்துப் பத்திரத்தின் பிரதி, அண்ணாவின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் பிரதேச செயலகத்தில் பிறகு எடுத்தவை. இந்த முறை அவற்றை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து அடுக்கும்போது அம்மா சொன்னா: "நானும் அப்பாவும் சேர்ந்து கன ஊர் திரிஞ்சது அப்ப ஒருக்காத்தான். அதுக்கு ஒருத்தரும் பிளான் போடேல்லை."

அதற்குப் பிறகு அந்த எக்ஸெல் கோப்பை வேறு மாதிரித்தான் பார்த்தேன்.

சம்பளச் சிட்டை இல்லாத ஒரு கமக்காரர் தான் திரும்பி வருவேன் என்று எப்படி நிரூபிக்கிறது? காணி உத்தரவுப் பத்திரம், கமக்காரர் அமைப்பின் கடிதம், கிராம அலுவலரின் வதிவிடக் கடிதம், நெல் விற்ற பற்றுச்சீட்டுகள், ஆறு மாசத்து வங்கிக் கணக்கு. இந்த முறை கணக்கில் காசு இல்லாத மாசம் இல்லாத மாதிரியே இருக்கிறது. அறுவடை மாசத்தில் ஏறி, விதைப்பு மாசத்தில் இறங்குகிறது. அதை மறைக்காமல் விளக்கி ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். ஒக்டோபரில் விதைப்பு, அதற்கு முதல் வந்தாக வேண்டும் என்று அப்பா சொன்னதை அப்படியே போட்டேன். செலவுக்கு அண்ணா பொறுப்பு. சுவிஸில் 30,000 பிராங் வரைக்கும் பொறுப்பேற்கும் படிவம் ஒன்றில் கையெழுத்து வைக்க வேண்டும்.

நீங்களும் அம்மா அப்பாவுக்கு இப்படி ஒன்று யோசிக்கிறீர்கள் என்றால் சில விசயங்களைக் கவனியுங்கோ. பயணத்துக்கு ஆறு மாசத்துக்குள் விண்ணப்பிக்கலாம். பதிலுக்குச் சாதாரணமாக 15 நாள், சிலவேளை 45 நாள்கூட ஆகும். கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். வீசா வர முதல் விமான ரிக்கற்றுக்கு முழுக் காசையும் கட்டிவிடாதீர்கள், முன்பதிவு போதும். எல்லாவற்றுக்கும் முதல், போகப்போறவர்களிடம் கேளுங்கோ. எங்கட கனவுகளை அவர்கள் பெயரில் போட்டுவிடுகிறோம். வெனிஸ் என்னுடைய ஆசை, அம்மாவுடையது இல்லை.

அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் என்று ஒரு நாளை விட்டிருக்கிறேன். பேர்ணிலிருந்து ரெயினில் இருபது நிமிசத்தில் தூண். அங்கே பெரிய ஏரி, அதில் கப்பல் ஓடும். அண்ணா கப்பலில் ஏற்றிவிட்டு, அடுத்த கரையில் போய் நிற்பான். படத்தைக் காட்டினேன். அம்மா, "நாங்கள் ரண்டுபேரும் தனியவோ?" என்று கேட்டுவிட்டு வேறெங்கோ பார்த்தா. அப்பா போனை வாங்கி, படத்தைப் பெரிசாக்கி, மலை, தண்ணி, கப்பல் எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்த்தார்.

"இந்தத் தண்ணி ஆற்ர வயலுக்குப் போகுது?" என்று கேட்டார்.

விண்ணப்பத்தைப் போன கிழமை குடுத்தாச்சு. கடவுச்சீட்டுகள் இன்னும் கொழும்பில். அம்மா பேத்திக்கென்று தைத்த இரண்டு சட்டையையும் அலுமாரியில் மடித்து வைத்திருக்கிறா. முதலில் தைத்தது நாலு வயதுக்கு, அது இனி அளவில்லை. மற்றதை, வளர்ந்திருப்பாள் என்று, கொஞ்சம் பெரிசாகவே தைத்திருக்கிறா.