வெட்டினால்தான் பழம்

அனுப்பம்பட்டில் கரண்ட் போன ஒரு மே மாத மாலை. சென்னையில் கல்லூரியில் படிக்கும் பேரன் லீவுக்கு வந்திருந்தான். போனில் சார்ஜ் இல்லை. ஆயா திண்ணையில் சாக்பீஸால் தாயக்கட்டம் போட்டார்.

பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள். நாலாவது பக்கம் வெறுமை. இரண்டு வெறுமையும் சேர்ந்து விழுந்தால் பூஜ்யம் இல்லை, 12! கணக்கு வாத்தியார் ஒத்துக்கொள்ள மாட்டார். தாயம் ஆடுகிறவர்கள் ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

“எங்க ஆட்டமும் இப்படித்தான் ஆயா” என்றான் பேரன்.

ஹாஸ்டலில் அவர்கள் ஆடுவது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த விளையாட்டு. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் மாறி, 20 பக்கப் பகடையை உருட்டி ஆடுவது. மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் என்பது புத்தகத்துச் சட்டம். இவன் கோஷ்டி அதை மாற்றிவிட்டது. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் சொன்னவன் உயிரில் கொஞ்சம் குறையும். அதற்குப் பிறகு யாரும் சும்மா மந்திரம் சொல்வதில்லையாம்.

“புக்கு போட்டவன் சண்டைக்கு வரமாட்டானா?”

“மாத்திக்கலாம்னு அவங்களே எழுதியிருக்காங்க ஆயா. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒத்துக்கணும், அவ்ளோதான்.”

இது ஆயாவுக்குச் சட்டென்று புரிந்தது. அவர் பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில். ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் ‘பாடு’ என்று பேர். பேச வேண்டியதைச் சீட்டு எடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும். நல்ல இடம் அடுத்தவருக்கு விழுந்த பிறகு சட்டம் பேசினால் யார் கேட்பார்கள்?

கட்டைகளைக் கையில் வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார்.

“அப்போ எங்கம்மா ஊட்டு ஆட்டம் ஆடலாமா?”

அம்மா வீட்டில், எதிராளியின் ஒரு காயையாவது வெட்டாமல் தன் காயைப் பழமாக்க முடியாது. வாக்கப்பட்டு வந்த வீட்டில் அந்த விதி கிடையாது. “இங்க இப்படித்தான்” என்று முதல் நாளே நாத்தனார் சொல்லிவிட்டார். 40 வருஷமாக இந்த வீட்டு ஆட்டத்தையே ஆடினார். கேட்டிருக்கலாம்தான். புது மருமகள் தாயக்கட்டத்தைப் பற்றியா கேட்பாள்?

“ஆடலாம் ஆயா.”

கரண்ட் வந்தபோது அவனுடைய மூன்று காய்கள் பழத்துக்குப் பக்கத்தில் நின்றன. ஒரு வெட்டும் இல்லாததால் உள்ளே போக வழியில்லை. போனை சார்ஜில் போட எழுந்தான்.

“உக்காருடா” என்று கட்டையை உருட்டினார் ஆயா.