"ஃப்யூஸ் கூட போகல டாக்டர்"

சென்ட்ரலுக்குப் போற ரயில் பேசின் பிரிட்ஜ்ல கொஞ்ச நேரம் நிக்காம போனா அன்னிக்கு நமக்கு அதிர்ஷ்டம். அப்படி நிக்கும்போது ஜன்னல் வழியா மேலே பாருங்க. தண்டவாளத்துக்கு மேலே ஓடுற கம்பியில் 25,000 வோல்ட்.

அதைப் பார்த்தா எல்லாருக்கும் பயம். பயப்படவும் வேணும். ஆனா இதே ஏரியாவுல மழைத்தண்ணி வீட்டுக்குள்ள நிக்கும்போது, 230 வோல்ட் மோட்டாரை ஈரக் கையோட தொடுறதுக்கு யாரும் யோசிக்கிறது இல்ல.

ஷாக் அடிச்சவரை எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு வர்றவங்க அடிக்கடி சொல்றது: "லேசாத்தான் டாக்டர் அடிச்சிருக்கும், ஃப்யூஸ் கூட போகல."

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த த்ரெட்.

ஸ்கூல்ல படிச்ச ஓம் விதியைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்குவோம். வீட்டு அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்ல 4.35 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. வகுத்தா சுமார் 53 ஓம், அதோட மின்தடை. பெருக்கினா சுமார் 1000 வாட், அதோட திறன். அவ்வளவுதான் கணக்கு.

இப்ப அயர்ன் பாக்ஸ் இருந்த இடத்துல மனுஷனை வைங்க.

காய்ஞ்ச தோலோட தடை ஒரு லட்சம் ஓம் வரைக்கும்கூட இருக்கும். 230-ஐ அதால வகுத்தா 2.3 மில்லி ஆம்பியர். சுருக்குன்னு இருக்கும், கையை எடுத்துடுவோம்.

அதே ஆள் வெறுங்காலோட தண்ணியில நிக்கிறார், கையும் ஈரம். தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிடும். மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியர். வோல்டேஜ் மாறல, ஆனா கரண்ட் நூறு மடங்கு.

10 - 15 மில்லி ஆம்பியர் தாண்டினாலே தசை இறுகி, பிடிச்ச கையை விட முடியாது. 100 மில்லி ஆம்பியர் அளவுல இதயம் துடிக்காம வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். உள்ளங்கையில சின்னக் கருப்புப் புள்ளி மட்டும் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

இதுல திறன் எவ்வளவு? 230 × 0.23 = 53 வாட். பழைய சீலிங் ஃபேன் இழுக்கிறதை விடக் கம்மி!

ஃப்யூஸ் ஏன் போகலன்னு இப்ப புரியும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இந்தக் கால் ஆம்பியர் ஒரு பொருட்டே இல்ல. அது ஒயரைக் காப்பாத்த வெச்சது, உங்களை இல்ல.

உங்களுக்கானது ஆர்சிசிபி. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் உடம்பு வழியா தரைக்குப் போனாலே கண் இமைக்கிறதுக்குள்ள துண்டிச்சிடும். (ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சா அதுக்கும் தெரியாது.)

ரயில் கம்பி கதை வேற. அங்க தோல் கருகி, உள்தடை 500 ஓம்தான் மிஞ்சும். 50 ஆம்பியர், 12.5 லட்சம் வாட். தொடவே வேணாம், கிட்ட போனாலே தாவும். 2 மீட்டர் தள்ளி நில்லுங்க. பெட்டி மேல ஏறி செல்ஃபி எடுக்கிற தம்பிங்க கவனிக்க.

வீட்டுல யாருக்காவது ஷாக் அடிச்சா முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க, அதுவரை ஆளைத் தொடாதீங்க. மூச்சு இல்லன்னா 108-க்கு போன் போட்டுட்டு, நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100 - 120 தடவை அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. மயங்கி எழுந்தவர் "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னாலும் ஒரு ஈசிஜி எடுத்துடுங்க.

ஆர்சிசிபியில 'டெஸ்ட்'னு ஒரு பட்டன் இருக்கும். இன்னைக்கே அழுத்திப் பாருங்க. ட்ரிப் ஆகலன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. பெட்டியில அப்படி ஒரு பட்டனே இல்லன்னா, மழைக்கு முன்னாடி கூப்பிடுங்க.