சாவி ஆளுக்கு இல்லை, பணிக்கு



கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர் வேலையைப் பார்த்துக்கிற தொண்டூழியர்கள் நாங்க எழுதுறோம். தைப்பூசம் முடிஞ்சதும் சில பேர் மனவருத்தத்தோட கேட்டாங்க: "போன வாரம் வரைக்கும் பக்தர் பட்டியல் எங்களுக்குத் திறந்துச்சு, இப்போ திறக்கல. இத்தனை வருஷம் சேவை செஞ்ச எங்க மேல நம்பிக்கை இல்லையா?" நியாயமான கேள்வி. எல்லாருக்கும் சேர்த்தே பதில் சொல்லிடுறோம்.

கோயில் டேட்டாபேஸில் வெறும் பேரும் நட்சத்திரமும் மட்டும் இல்லை. போன் நம்பர், வீட்டு முகவரி, யாருக்காக என்ன வேண்டுதல் என்பதும் இருக்கு. கணவருக்கு ஆபரேஷன்னு மிருத்யுஞ்சய ஹோமத்துக்குப் பேர் கொடுத்த ஓர் அம்மா, அதைச் சொந்தக்காரங்ககிட்டகூடச் சொல்லாம இருக்கலாம். குடும்பப் பிரச்சினையால வேற இடத்துக்குப் போயிட்ட ஒரு பொண்ணோட புது முகவரி, தெரியக்கூடாதவர் கையில் சிக்கினா என்ன ஆகும்?

அதனாலதான் இந்த ஏற்பாடு. டைரக்டரி சர்வரில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கணக்கு இருக்கும். அங்கேயே பணிக்கு ஒரு குழு: அர்ச்சனை கவுன்டர், அன்னதானம், வரவுசெலவு, காவடிப் பதிவு. டேட்டாபேஸ் அனுமதியைக் குழுவுக்குத்தான் கொடுக்கிறோம், ஆளுக்கு இல்லை. கவுன்டர் குழு பேர், நட்சத்திரம் பார்க்கலாம், ரசீது போடலாம். நன்கொடைக் கணக்கைத் திருத்த முடியாது. அன்னதானக் குழுவுக்கு எத்தனை பேர் சாப்பிட வர்றாங்க என்ற எண்ணிக்கை போதும். ஒருவர் பணி மாறினா ஒரே இடத்தில் குழுவை மாத்தினாப் போதும், எல்லா அனுமதியும் கூடவே மாறிடும். ஆளாளுக்குத் தனித்தனியா கொடுத்திருந்தா, யார்கிட்ட என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கவே முடியாது. தைப்பூசம் முடிஞ்சதும் காவடிப் பதிவுக் குழு காலி. விஷயம் அவ்வளவுதான்.

சிங்ஹெல்த் சம்பவம் நினைவிருக்கும். 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, சுமார் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடு போச்சு. அதில் ஏறக்குறைய 160,000 பேரின் மருந்து விவரமும் போச்சு. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அவர்களுடையதும் அதில் ஒன்று. 2019 ஜனவரியில் வெளிவந்த விசாரணைக் குழு அறிக்கை, நிர்வாகி கணக்குகளை இன்னும் கடுமையாகக் கட்டுப்படுத்தச் சொன்னது. அதனால் எங்களுக்கும் அதே விதிதான். அன்றாட வேலைக்கு நாங்களும் சாதாரணக் கணக்கில்தான் நுழையறோம். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், கையில் இருக்கும் தகவலைப் பத்திரமா வைக்கணும்னு சொல்லுது.

யோசிச்சுப் பாருங்க. கர்ப்பகிரகத்துக்குள்ள அர்ச்சகர் போறார். நிர்வாகக் குழுத் தலைவரும் வெளியே நின்னுதான் கும்பிடுறார். அதை யாராவது அவமரியாதைன்னு நினைச்சிருக்கோமா? அவங்கவங்க பணிக்கு ஏத்த இடம், அவ்வளவுதான்.

ரெண்டு வேண்டுகோள். பாஸ்வேர்டை இன்னொருத்தருக்குக் கொடுக்காதீங்க, அவசரத்துக்குக்கூட வேண்டாம். யார் எதைப் பார்த்தாங்கன்னு அப்புறம் தெரியாமப் போயிடும். பணி மாறினாலோ கொஞ்ச நாள் ஓய்வெடுத்தாலோ குழுத் தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. திரும்ப வரும்போது நாங்களே சேர்த்துடுவோம்.

பக்தர்கள் சாமியை நம்பி எழுதிக் கொடுத்ததை நாம எல்லாரும் சேர்ந்து காப்பாத்துவோம்.

முருகா சரணம் 🙏