பத்து பாகம்

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடலாம். அங்கிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரை கரையை ஒட்டியே 21 தீவுகள் கிடக்கின்றன. வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, நல்லதண்ணி, முயல் தீவு, குருசடை என்று பெயர்களே ஆசை காட்டும். "ஸ்கூபா டைவிங் போவோம், பக்கத்துப் பக்கத்துல நாலஞ்சு தீவு இருக்கணும், ஒவ்வொண்ணா இறங்கிப் பாக்கணும்" என்று நாங்கள் மூன்று பேர் திட்டம் போட ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு கரீபியன் வீடியோ. அரூபா, பொனேர், குராசாவ் என்று வரிசையாக மூன்று தீவுகள், இடையில் குட்டி விமானம். டிக்கெட் விலையைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டோம். நமக்குத்தான் மன்னார் வளைகுடா இருக்கிறதே என்று தேடினால், அது பூட்டிக் கிடக்கிறது.

1986-லிருந்து இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்க முடியாது. காரணம் நியாயமானதுதான். பல வருஷங்கள் இங்கே பவளப்பாறையை உடைத்து உடைத்து சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். அலையைத் தடுத்த பாறை போனதும் தீவே கரைந்தது. விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று தண்ணீருக்கு அடியில். 21 என்று எண்ணும்போது அந்த இரண்டையும் சேர்த்தேதான் எண்ணுகிறோம். வான் தீவைக் காப்பாற்ற செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.

பொனேரில் வேறு ஏற்பாடு. 1979-லிருந்து தீவைச் சுற்றியுள்ள கடல் முழுக்கப் பூங்கா, ஆனால் கட்டணம் கட்டினால் யாரும் இறங்கலாம். இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்கத் தோன்றியது. ஆனால் இந்தப் பூட்டில் எங்களைவிட அதிகம் இழந்தவர்கள் மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து முங்கி, தீவோரப் பாறைகளில் பாசி எடுத்துப் பிழைத்தவர்கள். எங்களுக்குப் போனது ஒரு லீவு, அவர்களுக்குப் போனது வேலை செய்யும் இடம். இந்தக் கடல் திறக்கும் என்றால் வரிசையில் அவர்கள்தான் முன்னால் நிற்க வேண்டும். நாங்கள் அந்தமானுக்குத் திரும்பினோம்.

அந்தமான் திட்டம் காகிதத்தில் சுலபம். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், அதாவது பழைய போர்ட் பிளேர். அங்கிருந்து படகில் ஸ்வராஜ் தீவு, பழைய ஹேவ்லாக். பிறகு ஷாஹீத் தீவு, பழைய நீல். மூன்றாவதாக இன்னொரு தீவு என்று ஆசை. ஸ்கூபா கணக்கு வேறு மாதிரி போகிறது. சான்றிதழ் வேண்டுமென்றால் மூன்று நான்கு நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். முதல் நிலைச் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை. கடைசி முங்கலுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. ஆகவே கடைசி நாள் தண்ணீரில் இறங்காத நாள், செல்லுலார் ஜெயிலைப் பார்க்கலாம். அதற்கெல்லாம் முன்னால் ஒரு மருத்துவப் படிவம். ஆஸ்துமா உண்டா, காதில் பிரச்சினை உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. சில கேள்விகளுக்கு 'ஆம்' என்று வந்தால் டாக்டர் கையெழுத்து வேண்டும்.

எங்களில் ஒருவனின் சொந்த ஊர் புன்னைக்காயல். பொதிகை மலையில் கிளம்பும் தாமிரபரணி கடலில் சேரும் இடம். அவன் அப்பா இருபது வருஷம் சங்கு குளித்தவர். மகனைக் கடலில் இறங்க விட்டதே இல்லை. பாளையங்கோட்டையில் படிக்க வைத்தார். நீச்சலையே அவன் எங்களோடு குறுக்குத்துறையில் ஆற்றில்தான் கற்றுக்கொண்டான். அவரிடம் சொல்லாமல் போவது சரியில்லை என்று மூன்று பேரும் திட்டத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனோம்.

கண்ணாடியை மாட்டி முழுசாகப் படித்தார். தேதி, படகு, ரூம், செலவு எல்லாம். பிறகு கேட்டார்: "கயிறு யாரு கையில இருக்கும்?"

எங்களுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அந்தக் காலத்தில் முத்துக் குளிக்கிறவன் கல்லைக் காலில் மாட்டி இறங்குவான். இடுப்புக் கயிற்றை மேலே ஒருவர் பிடித்திருப்பார். கீழேயிருந்து இழுப்பு வந்ததும் தூக்க வேண்டும். பிடிக்கிறவர் மச்சானாக இருக்க வேண்டும் என்று கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. கை நழுவினால் தாலி அறுப்பது அவன் அக்காவோ தங்கச்சியோ அல்லவா?

"இப்ப கயிறு இல்ல மாமா. ஜோடி ஜோடியாத்தான் இறங்கணும். ஒருத்தனுக்குக் காத்து தீர்ந்தா இன்னொருத்தன் டேங்குல இருந்து எடுத்துக்கலாம்" என்றேன். சிரித்தார். "நீங்க ஒருத்தனை ஒருத்தன் மச்சான்னுதான கூப்பிடுதிய. வாயில சொன்னா ஆச்சா?"

எத்தனை ஆழம் என்று கேட்டார். 18 மீட்டர் என்றோம். அவருக்கு மீட்டர் கணக்கு ஓடாது. கையை விரித்தார். இரண்டு கையும் நீட்டினால் ஒரு பாகம். "பத்து பாகமா? அங்கதான் சங்கு கிடக்கும்." நாங்கள் காசு கட்டிப் போகவிருக்கும் ஆழம் அவருடைய ஆபீஸ். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும், இங்கே முத்துக் குளிப்பவர்கள் நாலிலிருந்து பன்னிரண்டு பாகம் வரை இறங்குவதாக எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் முன்னால் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற கிரேக்க நூல், கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. அந்தத் துறைமுகம் இன்று கடலைவிட்டு சில கிலோமீட்டர் உள்ளே கிராமமாக நிற்கிறது. நாங்கள் நீச்சல் பழகிய ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்தான் கடலைத் தள்ளி வைத்தது. தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு மட்டும் தொடர்ந்தது. வங்காளத்துக் கல்யாணப் பெண்களின் வளையலுக்குப் போகும் சங்கு.

அவர் கல் கட்டி இறங்கியவர் இல்லை, கம்ப்ரசர் காலத்து ஆள். படகில் மெஷின் ஓடும், வாயில் டியூப், அவ்வளவுதான். ஆழம் காட்டும் மீட்டர் கிடையாது, நேரம் காட்டும் வாட்ச் கிடையாது. மணிக்கணக்கில் கீழே. வலது காது கேட்காது. இடுப்பு எலும்பு செத்துப்போயிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். படி ஏறும்போது சுவரைப் பிடிப்பார்.

மகன் பாடப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், கோலி சோடாவைத் திறந்த மாதிரி உள்ளுக்குள்ளேயே குமிழியாகிறது. அதனால் மெதுவாக ஏற வேண்டும், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும்.

"மூணு நிமிசமா?" என்றார்.

"அது எங்களுக்குப்பா. நீங்க கெடந்த நேரத்துக்கு இன்னும் ரொம்ப நேரம் நிக்கணும்."

"நின்னிருப்பேனே. யாரும் சொல்லலியே எய்யா."

யாரும் பேசவில்லை. உள்ளேயிருந்து அத்தை டீ கொண்டுவந்தாள். அவர் காகிதத்தை மறுபடி எடுத்தார். அதன் பிறகு அவர் கேட்டதெல்லாம் விவரங்கள்தான். டேங்கில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று கீழே இருக்கும்போதே தெரியுமா? தெரியும், கேஜ் உண்டு. காது அடைத்தால்? ஏறிவிட வேண்டும், முட்டி மோதக் கூடாது. மூன்று பேரில் ஜோடி எப்படிப் பிரியும்? அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. மூன்றாமவனுக்கு இன்ஸ்ட்ரக்டரே ஜோடி, அதை முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம்.

திட்டம் மாறிவிட்டது. மூன்றாவது தீவை எடுத்துவிட்டோம். அந்தப் பணத்தில் டாக்டர் பரிசோதனையும், ஹேவ்லாக்கில் கூடுதலாக ஒரு நாளும். நிறைய தீவு பார்ப்பதைவிட ஒரே தீவில் ஒழுங்காக இறங்கி ஒழுங்காக ஏறப் பழகுவது முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. ஜனவரியில் கிளம்புகிறோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அன்றன்றைக்கு எத்தனை ஆழம் போனோம் என்று போனில் சொல்ல வேண்டும். லாக் புக்கில் ஆழம் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவால் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறான் மகன். மேலே 'பாகம்' என்று எழுதியிருக்கிறான்.