பெயர் மாறும்; முகம் மாறாது
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஒரே கதையை எத்தனை முறை சொல்லலாம்? ஒருமுறை சொன்னால் கேட்பார்கள். இருமுறை சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாம் முறை எழுந்து போய்விடுவார்கள். மேடைப் பேச்சுக்கு இது பொருந்தும். வகுப்பறைக்கும் பொருந்தும் என்றால் பேராசிரியப் பெருமக்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் திரைப்படத்துக்கு மட்டும் இவ்விதி செல்லுபடியாவதில்லை. அங்கே ஒரே கதையை முப்பது ஆண்டுகள் சொல்லியும் வென்றவர்கள் இருக்கிறார்கள். அந்த வெற்றியின் இரகசியம் யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எங்கள் விடுதியில் இரவு உணவுக்குப் பின் நடக்கும் பட்டிமன்றங்களில் அடிக்கடி இடம்பெறுவோர் மார்வெல் நாயகர்கள். 2008-இல் வெளிவந்த ‘அயர்ன் மேன்’ முதல் 2019-இல் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ வரை 22 படங்கள் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. அதற்கும் முன்னோடி ஜேம்ஸ் பாண்ட். 1962-இல் ‘டாக்டர் நோ’ தொடங்கி 2021-இல் ‘நோ டைம் டு டை’ வரை ஒரே நிறுவனம் எடுத்த பாண்ட் படங்கள் 25. அவற்றில் பாண்டாக நடித்தவர்கள் ஆறு பேர். “தமிழில் இப்படி ஒரு வரிசை உண்டா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். “இல்லை” என்றனர் பலர். “உண்டு, அதன் பெயர் எம்.ஜி.ஆர்.” என்றேன் நான். சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு அன்று சொல்ல முடியாத விடையை இங்கே எழுதுகிறேன்.

பாண்ட் படங்களில் பெயர் மாறாது, முகம் மாறும். எம்.ஜி.ஆர். படங்களில் முகம் மாறாது, பெயர் மாறும். வேறுபாடு இவ்வளவே! 1936-இல் ‘சதி லீலாவதி’யில் சிறு வேடத்தில் அறிமுகமாகி, 1947-இல் ‘ராஜகுமாரி’யில் கதாநாயகனாகி, 1978-இல் ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டிய’னோடு அவர் திரையுலகிலிருந்து விடைபெற்றார். கதாநாயகனாக மட்டும் முப்பத்தொரு ஆண்டுகள்! இடையில் அவர் படகோட்டினார், ஏர் பிடித்தார், மாடு மேய்த்தார், ரிக்‌ஷா இழுத்தார், மீன் பிடித்தார். ‘படகோட்டி’ (1964), ‘விவசாயி’ (1967), ‘மாட்டுக்கார வேலன்’ (1970), ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971), ‘மீனவ நண்பன்’ (1977) என்று தலைப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். உழைப்பவர்களின் வருகைப் பதிவேடு போல் இல்லையா? ஒவ்வொரு தொழிலாளியும் தன் பெயர் அழைக்கப்படும் நாளுக்காகக் கொட்டகைக்கு வந்தான்.

இயற்பியல் படிப்பதால், எதையும் மாறிலி, மாறி என்று பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது. இப்படங்களில் தொழில், ஊர், உடை, நாயகி யாவும் மாறிகள். மாறிலிகள் சிலவே. நாயகன் குடிக்கமாட்டான். தாயைத் தெய்வமாக மதிப்பான். முதல் அடி பெரும்பாலும் எதிரியுடையது. இறுதி அடி இவனுடையது. எதிரே பெரும்பாலும் எம்.என். நம்பியார் நிற்பார். திரையில் பாட்டிமார்களிடம் சாபம் வாங்கிய அவர், வாழ்க்கையில் ஐயப்ப பக்தர்கள் பலருக்குக் குருசாமியாக விளங்கியவர் என்பது சுவையான முரண். தயாரிப்பாளர்களிலும் ஒரு மாறிலி உண்டு. சாண்டோ சின்னப்பா தேவர், 1956-இன் ‘தாய்க்குப்பின் தாரம்’ முதல் 1972-இன் ‘நல்ல நேரம்’ வரை எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த படங்கள் 16.

மாறிலியை மாற்றினால் என்ன ஆகும்? சோதனைகள் நடந்திருக்கின்றன. 1962-இல் வந்த ‘பாசம்’ படத்தில் நாயகன் இறந்துபோகிறான். இரசிகர்கள் அதை ஏற்கவில்லை. 1956-இன் ‘மதுரை வீர’னிலும் நாயகன் இறக்கிறான், அப்படமோ பெருவெற்றி! ஏன்? மதுரை வீரன் நம் ஊர் எல்லைகளில் இன்றும் காவல் நிற்கும் தெய்வம். அவன் இறக்கவில்லை, கோயிலுக்குள் போனான் என்றே மக்கள் எடுத்துக்கொண்டார்கள். 1968-இல் வந்த அவருடைய நூறாவது படமான ‘ஒளி விளக்’கில் நாயகன் திருடன், மதுவையும் தொடுகிறான். உடனே அவனுடைய மனசாட்சி பல எம்.ஜி.ஆர்.களாக எழுந்து நின்று அவனை இடித்துரைக்கிறது! விதியை மீறும்போதும் விதி திரையிலேயே நினைவூட்டப்பட்டது.

இன்னொரு சோதனையை எவரும் திட்டமிடவில்லை. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், குரல் பழைய குரலாக இல்லை. அவ்வாண்டே வெளிவந்த ‘காவல்கார’னில் அந்த மாறிய குரலிலேயே பேசினார். குரல் போனால் நடிகனுக்கு என்ன மிச்சம் என்று நாம் கேட்போம். மக்கள் கேட்கவில்லை. படம் வென்றது. குரலும் மாறிதான், மாறிலி அன்று என்பது அப்போது நிரூபணமாயிற்று.

ஆயின் உண்மையான மாறிலி எது? இதற்கு விடை நூலகத்தில் பாதியும் வீட்டில் பாதியும் கிடைத்தது.

நூலகத்தில் கிடைத்தது எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல். ‘பிம்பச் சிறை’ என்று தமிழிலும் வந்திருக்கிறது. ஏழைகளின் பேராதரவைப் பெற்ற ஆட்சி அந்த ஏழைகளுக்கு அதே அளவில் நன்மை செய்யவில்லை, திரையில் கட்டிய பிம்பமே அதை மறைத்தது என்பது அவர் வாதம். படித்து முடித்தபோது மறுக்க முடியவில்லை. திரையில் பண்ணையாரின் கையிலிருந்த சாட்டை பறிக்கப்பட்டது. வயலில் கூலி உயரவில்லை. கைதட்டியவன் விடிந்ததும் அதே வரப்பில்தான் நின்றான்.

வீட்டில் கிடைத்த விடை என் அம்மாச்சியுடையது. ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பருத்திக் காட்டில் களை எடுத்தே வாழ்நாளைக் கழித்தவர். எழுத்தறியாதவர். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து, ஒரே எந்திரத்தில் ரீல் மாற்றும் ஒவ்வொரு இடைவேளைக்கும் பொறுமை காத்து, பார்த்த படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தவர். “ஒரே கதையைப் பாத்துப் பாத்துச் சலிக்கலையா அம்மாச்சி?” என்று கேட்டேன்.

“கதை ஒண்ணுதான் சாமி. நாங்க பட்ட பாடு மட்டும் தெனம் மாறுச்சாக்கும்? மொதலாளி முன்னால நிமிந்து பேச எங்களுக்கு வாயில்ல. எங்களுக்காக ஒருத்தர் பேசுனாரு. அதைக் கேக்கத்தான் போனோம்.”

பாண்டியனின் நூலை அம்மாச்சி படித்ததில்லை. அம்மாச்சியைப் போன்றோரைப் பற்றியதே அந்நூல். இருவரில் யார் சொல்வது சரி என்று பல நாள் குழம்பினேன்.

1984 டிசம்பரில் சட்டமன்றத் தேர்தல். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். போட்டியிட்ட தொகுதி அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த, இன்று நம் தேனி மாவட்டத்திலுள்ள ஆண்டிபட்டி. வேட்பாளர் தொகுதிக்கு வரவில்லை; அவர் மருத்துவமனையில் இருக்கும் வீடியோப் படம்தான் ஊர் ஊராக வந்தது. ‘ஒளி விளக்’கில் நாயகனுக்காக இறைவனை வேண்டும் பாடல் திரையரங்குகளில் ஒலித்தது. அவர் வென்றார். திரைக்கதைக்கும் வாழ்க்கைக்கும் இடையிலிருந்த திரைச்சீலை நம் மண்ணில்தான் முற்றிலும் விலகியது எனலாம். அம்மாச்சியின் வாக்கும் அதில் ஒன்று.

அம்மாச்சியின் மகளான என் அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனது சோற்றுக்காக. காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. அந்தத் தட்டை நம்பி எட்டாம் வகுப்பு வரை படித்த அம்மா, இன்று விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்குப் போகிறார். அந்தக் கூலியில் நான் படிக்கிறேன். ஆகவே பிம்பம் முழுப்பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டாம் வகுப்போடு அம்மாவின் படிப்பு நின்றதை நினைத்தால், முழு உண்மை என்று சொல்லவும் நா எழவில்லை.

இப்போது மாறிலி எது என்பது தெளிவாகிறது. அது திரையில் இல்லை, கொட்டகையில் இருந்தது. தீராத குறையோடு வந்து அமர்ந்த மக்களே அந்த மாறிலி. ஒரு நாயகன் நீண்டகாலம் வென்றுகொண்டிருக்கிறான் என்றால், அவன் தீர்க்க வேண்டிய குறை வெளியே இன்னும் தீரவில்லை என்று பொருள். 1965-இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவ’னை 2014-இல் புதுப்பித்து வெளியிட்டபோதும் சென்னையில் வெள்ளி விழாக் கண்டது. அடிமைகள் தலைநிமிரும் கதை அது. அரை நூற்றாண்டு கழிந்தும் அதற்குக் கைதட்ட ஆள் இருந்தது!

‘உலகம் சுற்றும் வாலிப’னில் (1973) அவர் மின்னலின் ஆற்றலைச் சேமிக்கும் விஞ்ஞானி. அம்மாச்சிக்கு அப்படத்தில் விளங்காத ஒரே பகுதி அதுதானாம். ஆய்வுக்கூடத்தில் நிற்பவர் என்ன செய்கிறார் என்று அம்மாச்சிக்குச் சொல்ல, நாற்பது ஆண்டுகள் அந்த வீட்டில் ஆள் இல்லை. இப்போது இருக்கிறேன். மின்தேக்கியைத் தாளில் வரைந்து விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அப்ப நீயும் அவரு படிச்ச படிப்புத்தான் படிக்கிறியா?” என்றார்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் அதிகமுறை பார்த்த படம் எது என்று கேளுங்கள். ஏன் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். அந்தக் குறைகளில் எவை தீர்ந்தன, எவை இன்னும் நம் தெருவில் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தீராதவற்றுக்குக் கொட்டகையில் காத்திருந்தது அவர்கள் தலைமுறை. பட்டம் பெறப் போகும் நாமும் கைதட்டிக்கொண்டே இருப்பது முறையாகாது.